வெப்கேமுக்கு லினக்ஸ் டிரைவர்: விடைத்தாள் உள்ள கேமராவில் தொடங்குங்கள்

குறுவை அறுப்பு நேரம். நீடாமங்கலத்திலிருந்து ஒரு தம்பி என்னைத் தேடிக் கும்பகோணம் வந்திருந்தான். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. கையில் ஒரு பழைய வெப்கேம், வயர் முழுக்க செலோடேப்.

"அண்ணே, வெப்கேமுக்கு டிரைவர் எழுதிப் பழகணும்ணே. டிரைவரே இல்லாத கேமரா ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா?"

"இது வேலை செய்யலையா?"

"செய்யுதுண்ணே. அதான் பிரச்சினை. இதுக்கு ஏற்கெனவே டிரைவர் இருக்கு."

"அப்ப இதுதான்டா சரியான கேமரா" என்றேன். அவன் நம்பவில்லை. இந்தத் துறைக்குள் புதிதாக வருகிற எல்லோரும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். யாரும் தொடாத கேமராவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், படம் வராதபோது தப்பு உங்கள் நிரலிலா, கேமராவிலா, வயரிலா என்று சொல்ல ஆளிருக்காது. லினக்ஸின் மையமான கர்னலில் ஏற்கெனவே டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இருக்கிற கேமரா என்றால் விடைத்தாள் பக்கத்திலேயே இருக்கும். முதலில் நாமே போட்டுப் பார்த்து, மாட்டிக்கொண்டால் மட்டும் திருப்பிப் பார்க்கலாம்.

சி மொழியில் ஸ்ட்ரக்ட், பாயின்டர் இரண்டும் பயமில்லாமல் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

கேமராவைத் தேர்ந்தெடுப்பது

கேமராவைச் செருகிவிட்டு எல்எஸ்யுஎஸ்பி என்று அடியுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் நடுவில் முக்காற்புள்ளி வைத்து இரண்டு எண்கள் வரும். முதலாவது தயாரித்தவரின் எண், அடுத்தது பொருளின் எண். அதே கட்டளையை சூடோவுடன் (நிர்வாகி உரிமையோடு), மைனஸ் வி சேர்த்து அடித்தால் நீளமான விவரம் ஓடும். அதில் இன்டர்ஃபேஸ் கிளாஸ் 14 என்று இருந்தால் அது யுவிசி கேமரா. யுவிசி என்பது யுஎஸ்பி கேமராக்கள் எல்லாம் ஒரே மொழி பேசுவதற்காக 2003இல் வந்த பொது விதிமுறை. லோரான் பின்ஷார் எழுதிய யுவிசி டிரைவர் 2008இல், 2.6.26 கர்னலில் சேர்ந்தது. இன்று கடையில் வாங்கும் கேமரா அநேகமாக இந்த வகைதான்.

பழகுவதற்கு யுவிசி வேண்டாம் என்பது என் கருத்து. எந்தக் கம்பெனி கேமரா வந்தாலும் சமாளிக்க வேண்டும் என்பதால் அந்த டிரைவர் பெரிது. புதியவருக்கு எந்த வரி எதற்கு என்றே பிடிபடாது. அதற்கு முந்தைய காலத்துக் கேமராக்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மொழி வைத்திருந்தன. அவற்றுக்கான டிரைவர்கள் ஜிஎஸ்பிசிஏ என்ற குடும்பமாகக் கர்னலில் இருக்கின்றன. 2.6.27இல் உள்ளே வந்தவை. நீங்கள் தேட வேண்டியது இந்தக் கூட்டத்தில் ஒன்றை.

நான் சிபாரிசு செய்வது பிக்ஸ்ஆர்ட் பிஏசி207 சிப் உள்ள கேமரா. தயாரித்தவர் எண் 093ஏ. பொருள் எண் 2460, 2468 போன்றவை. தம்பி கொண்டு வந்ததும் இதுதான். அதிகபட்சம் 352க்கு 288 புள்ளி. இன்றைய கண்ணுக்குப் பரிதாபமான படம்தான், ஆனால் அதன் டிரைவர் சில நூறு வரிகளில் முடிந்துவிடுகிறது. பழைய பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர்கள், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர்கள் வீட்டுப் பரணில் இந்த மாதிரிக் கேமராக்கள் அட்டைப்பெட்டியோடு கிடக்கும். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ விசாரித்தால் பேரம் பேசாமலே எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள்.

எந்தக் கேமராவும் சிக்கவில்லை என்றால் கர்னலுக்குள்ளேயே விவிட் என்றொரு பொய்க் கேமரா இருக்கிறது. மாட்ப்ரோப் விவிட் என்று அடித்தால் வண்ணப் பட்டைகளைக் காட்டும் கேமரா முளைக்கும். செயலிகள் கேமராவோடு எப்படிப் பேசுகின்றன என்று பார்க்க அது போதும்.

பலியிட ஒரு மடிக்கணினி

கர்னலுக்குள் ஓடும் நிரலில் ஒரு பாயின்டர் தப்பினால் கணினியே நின்றுபோகும். அன்றாட வேலை செய்யும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். நம் பக்கத்தில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி இல்லாத தெருவே இல்லை. அதில் ஒன்று போதும். ஆனால் அதன் பேட்டரி செத்திருக்கும். கரன்ட் போய் வரும் ஊரில் பாதி எழுதிய கோப்பு காணாமல் போவதைவிட வேறு கொடுமை இல்லை. நிரலை வேறு கணினியில் வைத்துக்கொண்டு, கிட் என்ற பதிப்புச் சேமிப்புக் கருவியில் சேமித்து, இதற்கு அனுப்பி ஓட்டிப் பாருங்கள். மெய்நிகர் கணினிக்குள் செய்யலாமே என்று தோன்றும். மாட்யூல், அதாவது கர்னலில் ஏற்றி இறக்கும் நிரல் துண்டு, பழகும் வரை சரி. கேமராவின் நேரம் தவறாத ஓட்டத்தை அதற்குள் கடத்துவது பெரும்பாலும் தகராறு.

உபுன்டு என்றால் பில்ட்-எசென்ஷியல், உங்கள் கர்னலுக்குப் பொருந்தும் ஹெடர்கள், வி4எல்-யுடில்ஸ், வயர்ஷார்க் நான்கையும் நிறுவுங்கள். பயாஸில் செக்யூர் பூட் இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கையெழுத்தில்லாத உங்கள் மாட்யூலை ஏற்ற விடாது.

இன்னொரு எச்சரிக்கை. தேடினால் கிடைக்கும் பழைய மாதிரி நிரல்களில் பாதி, செயலிகள் கேமராவோடு பேச லினக்ஸ் வைத்திருக்கும் வீடியோ4லினக்ஸின் முதல் பதிப்புக்கு எழுதியவை. இரண்டாம் பதிப்பு 2002இலேயே வந்துவிட்டது, முதலாவதை 2011இல் 2.6.38 கர்னலோடு தூக்கிவிட்டார்கள். சேர்க்கும் ஹெடரின் பெயரில் வீடியோடெவ் என்பதற்குப் பின்னால் 2 இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

வணக்கம் சொல்லும் மாட்யூல், அப்புறம் ப்ரோப்

ஏற்றும்போது ஒரு வரி, இறக்கும்போது ஒரு வரி அச்சிடும் மாட்யூலை முதலில் எழுதுங்கள். இன்ஸ்மாட் ஏற்றும், ஆர்எம்மாட் இறக்கும், டிமெஸ்ஜி அச்சிட்டதைக் காட்டும். எங்கும் கிடைக்கும் பாடம் என்பதால் நீட்டவில்லை. உரிமம் என்ற இடத்தில் ஜிபிஎல் என்று போட மறக்காதீர்கள். யுஎஸ்பி சார்ந்த கர்னல் செயல்கூறுகள் ஜிபிஎல் மாட்யூலுக்கு மட்டுமே திறக்கும்.

அடுத்து அதை யுஎஸ்பி டிரைவராக மாற்ற வேண்டும். இதற்கு மூன்று பொருள் தேவை: எந்தெந்தக் கேமரா என் பொறுப்பு என்று சொல்லும் எண் அட்டவணை, கேமரா செருகப்பட்டதும் கர்னல் கூப்பிடும் ப்ரோப், பிடுங்கியதும் கூப்பிடும் டிஸ்கனெக்ட். அட்டவணையில் உங்கள் கேமராவின் இரண்டு எண்களையும் போடுங்கள். ப்ரோப்புக்குள் இப்போதைக்கு ஒரு வரி அச்சிட்டால் போதும்.

ஏற்றிவிட்டுக் கேமராவைச் செருகினால் ஒன்றுமே நடக்காது. பயப்பட வேண்டாம், பழைய டிரைவர் முந்திக்கொண்டிருக்கும். ஜிஎஸ்பிசிஏ-பிஏசி207 என்ற மாட்யூலை ஆர்எம்மாட் செய்துவிட்டு மறுபடி செருகுங்கள். தானாகத் திரும்ப வந்து உட்கார்ந்தால் பிளாக்லிஸ்டில் (தானாக ஏற்றக்கூடாதவற்றின் பட்டியல்) போடுங்கள். இரண்டு வரி அச்சாகிறதே என்று குழம்பினால், கேமராவில் மைக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். ப்ரோப் சாதனத்துக்கு ஒரு முறை அல்ல, அதன் ஒவ்வொரு இன்டர்ஃபேசுக்கும் (படம், ஒலி என்று தனித்தனி வேலைக்கான பகுதி) ஒரு முறை கூப்பிடப்படும்.

கேமராவோடு முதல் பேச்சு

இங்கிருந்துதான் சுவாரசியம். கேமராவுக்குள் ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன, எண் போட்ட சின்னச் சின்ன அறைகள். அதில் மதிப்பை எழுதினால் கேமரா கீழ்ப்படியும். எழுதுவதும் படிப்பதும் யுஎஸ்பி கன்ட்ரோல் மெசேஜ் வழியாக நடக்கும். பிஏசி207இல் எழுத வேண்டுமானால் கோரிக்கை எண் 1, படிக்க 0. மதிப்பு இடத்தில் எழுத வேண்டியது, இண்டெக்ஸ் இடத்தில் ரெஜிஸ்டர் எண்.

முதலில் 0, 1 இரண்டு ரெஜிஸ்டர்களையும் படியுங்கள். முதலாவதின் கீழ்ப் பாதியையும் இரண்டாவதின் மேல் பாதியையும் சேர்த்தால் பதினாறடிமான எண்ணில் 27 வர வேண்டும். அது சிப் தன் பெயரைச் சொல்வது. அப்புறம் ரெஜிஸ்டர் 65இல் 2 எழுதுங்கள் (மூலநிரலில் பதினாறடிமானத்தில் 41 என்று இருக்கும்). கேமராவில் விளக்கு இருந்தால் எரியும். 0 எழுதினால் அணையும். தம்பி இதை ஒரு பத்து முறையாவது எரிய விட்டு அணைத்திருப்பான். காபி ஆறிப்போனது.

படிக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. விடையை வாங்க ஃபங்ஷனுக்குள்ளேயே ஒரு சின்ன அர்ரே அறிவித்து அதன் முகவரியைக் கொடுப்பார்கள். கர்னல் ஒத்துக்கொள்ளாது, பஃபர் ஸ்டாக்கில் இருக்கிறது என்று டிமெஸ்ஜியில் திட்டும். யுஎஸ்பி கன்ட்ரோலர் நினைவகத்தில் நேரடியாக எழுதுவதால், அந்த இடத்தைக் கேமல்லாக்கில் (கர்னலின் நினைவக ஒதுக்கீட்டுச் செயல்கூறு) வாங்கித்தான் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பைட்டாக இருந்தாலும் அப்படித்தான்.

என்னென்ன ரெஜிஸ்டரில் என்னென்ன எழுதினால் படம் வரும் என்பதற்கு இப்போது விடைத்தாளைத் திறக்கலாம். உடனே மூலநிரலுக்குப் போகாதீர்கள். பழைய டிரைவரை ஏற்றி, யுஎஸ்பி போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் யுஎஸ்பிமான் மாட்யூலையும் ஏற்றி, வயர்ஷார்க்கில் அந்தப் போக்குவரத்தைப் பதிவுசெய்யுங்கள். கேமராவைத் திறந்து ஐந்து நொடி ஓட விட்டு மூடுங்கள். பதிவில் முதலில் வரிசையாகக் கன்ட்ரோல் மெசேஜ்கள் வரும். அதை நோட்டில் எழுதிக்கொண்டு, அப்புறம் மூலநிரலோடு ஒப்பிடுங்கள். ரெஜிஸ்டர் 64இல் 1 எழுதினால் ஓட்டம் தொடங்கும், 0 எழுதினால் நிற்கும் என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். நாளைக்கு டிரைவரே இல்லாத கேமரா கிடைத்தால், வேறு இயங்குதளத்தில் அதை ஓட விட்டு இப்படித்தான் உளவு பார்க்க வேண்டும். அதற்கான பயிற்சி இதுவே.

முறைத் தண்ணீர்

படம் வருவது கன்ட்ரோல் மெசேஜில் அல்ல, ஐசோக்ரோனஸ் என்ற வழியில். டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான். உங்கள் முறைக்கு மதகு கட்டாயம் திறக்கும். அந்த நேரத்தில் உங்கள் வயலில் மடை திறந்திருக்காவிட்டால் தண்ணீர் அடுத்தவருக்குப் போய்விடும், திரும்ப வராது. தொலைந்த பாக்கெட்டை யுஎஸ்பி மறுபடி அனுப்பாது.

இந்தக் கேமரா பழைய ஃபுல் ஸ்பீடு வகை. 1 மில்லி நொடிக்கு ஒரு பாக்கெட், ஒன்றில் அதிகபட்சம் 1023 பைட். 352க்கு 288 என்றால் புள்ளிக்கு ஒரு பைட் வீதம் 101376 பைட். ஆக ஒரு படத்துக்கு 100 பாக்கெட், நொடிக்கு 10 படம்தான். அதனால்தான் இந்தச் சிப் வரிசை வரிசையாகச் சுருக்கி அனுப்புகிறது. இந்தக் கணக்கை எந்தக் கேமராவுக்கும் முதலில் போட்டுப் பாருங்கள். கேமரா ஏன் இப்படிப் பேசுகிறது என்பதற்குப் பாதி விடை அதிலேயே இருக்கும்.

மடையைத் திறந்து வைப்பது யுஆர்பி. நினைவக இடம் ஒன்றைக் கொடுத்து, இதில் இத்தனை பாக்கெட் நிரப்பிக் கொண்டு வா என்று யுஎஸ்பி அடுக்கிடம் ஒப்படைக்கும் சீட்டு. ஒன்று நிரம்பித் திரும்பும்போது இன்னொன்று காத்திருக்க வேண்டும். ஒரே யுஆர்பி போட்டால் கண்டிப்பாக முறை தவறும். நான்கு யுஆர்பி, ஒவ்வொன்றிலும் 32 பாக்கெட் என்று ஆரம்பியுங்கள். நிரம்பியதும் உங்கள் கம்ப்ளீஷன் ஃபங்ஷன் கூப்பிடப்படும். அதற்குள் தூங்கக்கூடாது: காத்திருக்கும் பூட்டு, கன்ட்ரோல் மெசேஜ், சாதாரண நினைவக ஒதுக்கீடு எதுவும் கூடாது. தரவைப் பார்த்து எடுத்துக்கொண்டு அதே யுஆர்பியைத் திரும்ப அனுப்பிவிட்டு வெளியே வர வேண்டும்.

யுஆர்பி அனுப்பும் முன் இன்டர்ஃபேஸை மாற்று அமைப்புக்கு நகர்த்துவது முக்கியம். 0 என்ற அமைப்பில் படத்துக்கு யுஎஸ்பியில் இடம் எதுவும் ஒதுக்கப்படாது, பெரிய எண்களில் பெரிய பாக்கெட். யுஎஸ்பியில் இடம் போதாவிட்டால் மைனஸ் 28 என்ற பிழை வரும். அதன் விளக்கமாக "சாதனத்தில் இடமில்லை" என்று வரும். நான் முதல்முறை இதைப் பார்த்தபோது ஹார்டு டிஸ்கில் இருந்த படங்களை எல்லாம் அழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே ஹப்பில் இன்னொரு கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து பைட்டைத் தேடி

இப்போது பாக்கெட்டுகள் வருகின்றன. ஒரு படம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது? பிஏசி207 ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஐந்து பைட் அடையாளம் வைக்கிறது: 255, 255, 0, 255, 150.

பாக்கெட்டுக்குள் இந்த ஐந்தைத் தேடினால் போதும் என்று தோன்றும். போதாது. அடையாளம் ஒரு பாக்கெட்டின் கடைசியில் பாதியும் அடுத்ததின் தொடக்கத்தில் மீதியுமாக வரும். அதனால் எத்தனை பைட் பொருந்தியிருக்கிறது என்ற எண்ணிக்கையை பாக்கெட் தாண்டியும் நினைவில் வைக்க வேண்டும். தம்பி அதை எழுதினான்: பொருந்தினால் எண்ணிக்கையை ஒன்று கூட்டு, பொருந்தாவிட்டால் சுழியாக்கு. ஓடியது, படமும் வந்தது. ஆனால் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை இரண்டு படம் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவனைத் தாளில் எழுதச் சொன்னேன். 255, 255, 255, 0, 255, 150 என்று வந்தால் என்ன ஆகும்? முதல் இரண்டு பொருந்தும், எண்ணிக்கை 2. மூன்றாவதும் 255. அந்த இடத்தில் நாம் எதிர்பார்ப்பது 0, அதனால் சுழி. அடுத்து 0 வருகிறது, அதுவும் பொருந்தவில்லை. அடையாளம் கண்ணெதிரே கடந்து போய்விட்டது. படத்தின் கடைசி பைட் தற்செயலாக 255 ஆக இருந்தாலே இது நடக்கும். எண்ணிக்கை 2 ஆக இருக்கும்போது இன்னொரு 255 வந்தால் 2இலேயே நிற்க வேண்டும். கடைசி இரண்டும் 255தானே. அதேபோல் எண்ணிக்கை 4இல், 150க்குப் பதில் 255 வந்தால் சுழிக்குப் போகாமல் 2க்குத் திரும்ப வேண்டும். கர்னலில் இருக்கும் நிரலும் இதையேதான் செய்கிறது. அன்றைக்குத்தான் விடைத்தாளை அவன் முதன்முறையாக மரியாதையோடு பார்த்தான்.

அடையாளத்துக்குப் பிறகு 11 பைட் தலைப்பு வரும், அதைப் படத்தில் சேர்க்கக்கூடாது. அதன் 5ஆவது பைட் படத்தின் சராசரி வெளிச்சம். தானாக வெளிச்சத்தைச் சரிசெய்ய அதைப் பயன்படுத்தலாம். இந்த 11ஐ விடாமல் சேர்த்ததால் எனக்கு இரண்டு ராத்திரி போனது. சுருக்கிய படத்தில் ஒவ்வொரு வரிசையின் தலையிலும் இரண்டு பைட் குறி இருக்கிறது. எல்லாம் 11 இடம் தள்ளிப்போனதால் விரிக்கும் நிரல் முதல் வரிசையிலேயே கைவிரித்துவிட்டது.

சாக்கு வந்தால்தான் நெல்

கடைசிப் பெரிய வேலை, சேர்த்த படத்தைச் செயலியிடம் கொடுப்பது. இதற்கு வீடியோபஃப்2 என்ற அடுக்கு 2011இலிருந்து கர்னலில் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. செயலி காலிச் சாக்குகளை வரிசையில் வைக்கும். டிரைவர் ஒன்றை எடுத்து நிரப்பி, எடை போட்டு, தைத்து அனுப்பும். செயலி கொட்டிவிட்டுக் காலிச் சாக்கைத் திரும்ப வைக்கும். சாக்கு தீர்ந்துபோனால் நெல் களத்தில் கிடந்து நனையும். இங்கே அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

நீங்கள் எழுத வேண்டியது ஐந்து ஃபங்ஷன். சாக்கு எத்தனை, என்ன அளவு என்று சொல்ல ஒன்று. அளவு சரியா என்று சோதிக்க ஒன்று. வந்த சாக்கை உங்கள் பட்டியலில் சேர்க்க ஒன்று. ஓட்டத்தைத் தொடங்க ஒன்று, நிறுத்த ஒன்று. எடை போடுவதை மறக்காதீர்கள். சுருக்கிய படம் ஒவ்வொன்றும் வேறு அளவில் இருக்கும், எத்தனை பைட் நிரம்பியிருக்கிறது என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். நிறுத்தும்போது கையில் உள்ள எல்லாச் சாக்கையும் பிழை என்று குறித்தாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டாலும் கர்னல் எச்சரிக்கை அச்சிடும்.

இதோடு, நான் யார், என்ன வடிவத்தில் படம் தருவேன், என்ன அளவு என்று செயலி கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஃபங்ஷன்கள் வேண்டும். கர்னல் மூலத்தில் சாம்பிள்ஸ் கோப்புறைக்குள் வி4எல் என்ற இடத்தில் ஓர் எலும்புக்கூடு டிரைவர் இருக்கிறது. அது பிசிஐ அட்டைக்கு எழுதியது. யுஎஸ்பிக்கு வேண்டாததைக் கழித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சுருக்கத்தை டிரைவருக்குள்ளேயே விரித்து, அழகான வண்ணப் படமாகக் கொடுக்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். வடிவ மாற்றம் கர்னலின் வேலை இல்லை. அதற்கு லிப்வி4எல் என்ற நூலகம் வெளியே இருக்கிறது, பிஏசி207ஐ விரிக்கும் நிரலும் அதில் உண்டு. நீங்கள் வடிவத்தின் பெயரைச் சரியாகச் சொன்னால் போதும். அந்த நூலகம் வழியாகத் திறக்கும் செயலியில் பாருங்கள். க்யூவி4எல்2 எனக்குப் பழக்கம்.

தம்பிக்கு முதல் முழுப் படம் வந்தபோது கேமரா கொல்லைப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாழை மரமும் கொடியில் காய்ந்த துண்டும் மங்கலாகத் தெரிந்தன. பழைய டிரைவரில் வந்த படத்தைவிட எந்த விதத்திலும் நன்றாக இல்லை. ஆனாலும் அதை ஃபோனில் படம் எடுத்து அவன் அம்மாவுக்கு அனுப்பினான்.

வயரைப் பிடுங்குங்கள்

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்குங்கள். முதல்முறை கணினி உறைந்துபோவது சகஜம். செயலி இன்னும் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது, நீங்களோ டிஸ்கனெக்டிலேயே எல்லா நினைவகத்தையும் விடுவித்துவிட்டீர்கள். டிஸ்கனெக்டில் யுஆர்பிகளைக் கொன்று, சாதனத்தைப் பதிவிலிருந்து நீக்கி, சாக்குகளைத் திருப்பிக் கொடுங்கள். நினைவகத்தை விடுவிப்பது கடைசிச் செயலியும் கோப்பை மூடிய பிறகு கூப்பிடப்படும் ரிலீஸ் ஃபங்ஷனில் நடக்கட்டும். இருபது முறை பிடுங்கிச் செருகியும் டிமெஸ்ஜி அமைதியாக இருந்தால் சரி.

அப்புறம் வி4எல்2-கம்ப்ளையன்ஸ் என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். மைனஸ் எஸ் சேர்த்தால் படம் ஓடுவதையும் சோதிக்கும். விட்டுப்போனதையெல்லாம் வரிக்கு வரி சொல்லிக் காட்டும், கடைசியில் எத்தனை தோல்வி என்று கணக்குக் கொடுக்கும். தம்பிக்கு முதலில் ஒன்பது வந்தது. நாலாக்கிவிட்டு, கடைசி பஸ் போய்விடும் என்று கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். மீதி நாலும் நீடாமங்கலத்தில்.